நெட்டி முறியாத முதுகு

ஜூன் 2

டயர் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை நாளாக டிவி ஆடாமல் இருக்க அடியில் முட்டுக்கொடுத்து வைத்திருந்தோம். முதல் பக்கத்தில் பெயர், தொழில், ரத்த வகை எல்லாம் கேட்டிருக்கிறார்கள். பெயர்: நாச்சிமுத்து. தொழில்: உடுமலைப்பேட்டையில் டிரைவிங் ஸ்கூல். ரத்த வகை: தெரியாது. ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவனுக்கு அது எதற்கு?

எழுத உட்கார்ந்த காரணம், இல்லை, படுத்த காரணம்: காலையில் கார் டிக்கியிலிருந்து ஸ்டெப்னி டயரைத் தூக்கினேன். பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. ஸ்டெப்னியும் நானும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்தோம். அது உருண்டு போய்விட்டது. என்னால் அதுகூட முடியவில்லை.

"ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாங்களா?" என்றாள் வசந்தாமணி.

"இடுப்புப் புடிப்புக்கெல்லாம் ஆஸ்பத்திரி போனா ஊருல ஆஸ்பத்திரி பத்தாது" என்றேன். என் பெரியப்பா மகன் முதுகு ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவர் இன்னும் வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

ஜூன் 4

தைலம். வெந்நீர் ஒத்தடம். மறுபடியும் தைலம். தெரு நாய் என்னைப் பார்த்துத் தும்முகிறது.

இடுப்புக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன். போகாமல் எப்படி? நான் உட்காரும் இடது பக்க இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. கற்றுக்கொள்பவர் தவறினால் நான் மிதிப்பேன். இந்த ஊரில் இத்தனை பேர் கை காலோடு நடமாடுவதற்கு என் வலது காலும் ஒரு காரணம். சிலை வைக்கச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன்.

இப்போதைய சோதனை திலகமணி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறாள். இரட்டைப் பெண் குழந்தைகளுக்குத் தாய், நல்ல அம்மிணி, கெட்ட கால். தையல் மிஷின் மிதித்துப் பழகிய காலாதலால் கிளட்சையும் அதே மாதிரி விடாமல் மிதிக்கிறாள். வண்டி தொட்டில் ஆடுகிற மாதிரி போகிறது. பின்னால் வந்த டவுன் பஸ்காரன் தாலாட்டுப் பாடாத குறை.

ஜூன் 9

வலி இடுப்பிலிருந்து இறங்கி வலது தொடை வழியாகக் கெண்டைக்காலுக்கு வந்திருக்கிறது. இறங்குகிறது என்றால் வெளியே போகத்தானே இறங்குகிறது. நல்ல அறிகுறி.

சலூனில் முடி வெட்டிய கையோடு, கழுத்தை நெட்டி முறித்துவிடச் சொன்னேன். இரண்டு பக்கமும் முறித்தார். பக்கத்து டீக்கடையில் வடை போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். கழுத்துக்கு ஏற்கெனவே ஒன்றுமில்லை, இப்போது லேசாக வலிக்கிறது. இடுப்பு அப்படியே இருக்கிறது.

பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. ரொம்ப நேரம் உட்கார்ந்தால் யாருக்குத்தான் ஊராது.

ஜூன் 12

வலது கால் செருப்பு இன்று இரண்டு தடவை கழன்று விழுந்தது. புதுச் செருப்பு. இந்தக் காலத்தில் யாரும் எதையும் ஒழுங்காகச் செய்வதில்லை.

ஜூன் 14

மானம் போன நாள்.

இடுப்புப் பிடித்தால் இரட்டைப் பிள்ளை பெற்றவள் காலால் மிதித்தால் விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வாசற்படியில் குறுக்கே குப்புறப் படுக்க வேண்டும். இடது காலால் மூன்று மிதி. வசந்தாமணி ஊரெல்லாம் யோசித்து, ஊரில் இரட்டைப் பிள்ளை பெற்ற அத்தனை தாய்மார்களையும் விட்டுவிட்டு, திலகமணியைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

மூன்று வாரமாக நான் அந்தப் பெண்ணை என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன். "காலா அது, உலக்கையா" என்றுகூடக் கேட்டிருக்கிறேன். இப்போது நான் வாசற்படியில், முகம் கோலத்தில்.

"சாரை எப்படிங்கக்கா மிதிக்கறது? பாவமுங்க" என்றாள் திலகமணி.

"மிதி கண்ணு, அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்றாள் என் மனைவி. அவள் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. எனக்குக் கேட்டது.

முதல் மிதி பூப்போட்ட மாதிரி இருந்தது. இரண்டாவதில் பல்லைக் கடித்தேன். மூன்றாவதற்குக் கால் தூக்கும்போது, "மெதுவா, மெதுவா அம்மிணி" என்றேன்.

"கிளட்சப் பாதி மிதிக்கக் கூடாது, முழுசா மிதிக்கோணும்னு நீங்கதானுங்க சார் சொல்லிக் குடுத்தீங்க."

முழுசாக மிதித்தாள். பிறகு என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கால் பட்டதற்கு மன்னிப்பும் கேட்டாள். மரியாதை தெரிந்த பெண். எழுந்திருக்க எனக்கு இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

ஜூன் 17

செருப்பை மாற்றிவிட்டேன். பின்னால் வார் வைத்தது. இனி எப்படிக் கழன்று விழுகிறது என்று பார்க்கிறேன்.

"நீங்க நடந்து வந்தா இப்பெல்லாம் தப்பு தப்புன்னு சத்தம் கேக்குதுங்க" என்றாள் வசந்தாமணி. புது டைல்ஸ், அப்படித்தான் சத்தம் வரும் என்றேன். டைல்ஸ் போட்டு நாலு வருஷம் ஆச்சு என்றாள். எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்கிற பெண்களோடு வாழ்வது கஷ்டம்.

ஜூன் 19

தளி ரோட்டில் ஒரு சிறு சம்பவம். திலகமணி வளைவில் திருப்ப மறந்துவிட்டாள். வண்டி ரோட்டை விட்டு இறங்கி, ஒரு தென்னந்தோப்புக்காரர் குவித்து வைத்திருந்த தேங்காய் மட்டைக் குவியலுக்குள் மூக்கு வரை நுழைந்து நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மட்டை மெத்தென்று இருக்கும். கட்டில் செய்யலாம்.

திலகமணி இஞ்சினை அணைத்தாள். பிறகு சொன்னாள்: "சார், நீங்க பிரேக்கே மிதிக்கலைங்க."

"மிதிச்சேன்."

"இல்லைங்க சார். நான் பாத்தேன். உங்க காலு பிரேக்குக்குப் பக்கத்துல சும்மா இருந்துச்சு."

மிதித்தேன். மிதித்தது எனக்குத் தெரியும். பிரேக் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். தோப்புக்காரரும் நல்ல மனுஷன், மட்டையைத் தள்ளிவிட உதவி செய்துவிட்டு, கீழே விழுந்த L போர்டை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

ஜூன் 20

மெக்கானிக் பிரேக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்கிறான். இவனுக்குத் தொழில் தெரியாது. வேறு ஆளைப் பார்க்க வேண்டும்.

ஜூன் 22

திலகமணி கைபேசியில் ஒரு வீடியோ காட்டினாள். கோவையில் மேனகா என்று ஒரு பெண், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து கைரோபிராக்டிக் என்று ஒரு வைத்தியம் செய்கிறார். ஆட்களைக் கட்டிலில் படுக்க வைத்து, தோளையும் இடுப்பையும் எதிரெதிராகப் பிடித்து ஒரே அமுக்கு. மடக். எழுந்து சிரித்துக்கொண்டே போகிறார்கள். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, கத்தி கிடையவே கிடையாது.

சாப்பிட்டுவிட்டு இன்னும் பத்து வீடியோ பார்த்தேன். மடக். மடக். மடக். இத்தனை நாளில் என் மனது இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை. என் முதுகுக்குள் அப்படி ஒரு மடக் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் முடிந்தது.

திலகமணிக்கும் மிஷினில் குனிந்து குனிந்து கழுத்து இறுகிப்போயிருக்கிறதாம். மூன்று பேருமாகப் போகிறோம்.

ஜூன் 25

போய் வந்தோம். கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். தணியவில்லை. எழுதுகிறேன்.

பஸ்ஸில் கோவை வரைக்கும் நின்றுகொண்டே போனேன், உட்கார முடியவில்லை. டாக்டரம்மா என்று கூப்பிட்டதும் அந்தப் பெண், "நான் ஆஸ்பத்திரி டாக்டர் இல்லீங்கய்யா. முதுகெலும்பு, மூட்டு, இதுல வர்ற இறுக்கத்தைக் கையால சரி பண்றதுதானுங்க என் வேலை. எல்லா வலிக்கும் நான் ஆளில்லை" என்றார். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் திலகமணி. அரை மணி நேரம் கேள்விதான். எப்ப வலிக்குது, கை மரத்துப்போகுதா, தலை சுத்துதா, எலும்பு பலவீனம்னு யாராவது சொல்லியிருக்காங்களா, முன்னாடி அடிபட்டிருக்கா. ரத்த அழுத்தமும் பார்த்தார். பிறகு தோளையும் முதுகையும் நிதானமாக நீவி, மேல்முதுகில் கை வைத்து ஓர் அமுக்கு. திரைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. மடக். பொறாமையில் எனக்கு வாயில் எச்சில் ஊறியது.

"இதோட சரியாப் போயிராதுங்க. மிஷின் உயரத்தை மாத்தோணும், அரை மணிக்கு ஒருக்கா எந்திரிக்கோணும், இந்த ரெண்டு பயிற்சி தினமும் செய்யோணும்" என்றார். கழுத்தை ஏன் முறிக்கவில்லை என்று நான் கேட்டேன். "தேவையில்லாம கழுத்தைத் திருகக் கூடாதுங்க. அங்க மூளைக்குப் போற ரத்தக்குழாய் இருக்குது" என்றார். சலூன் சங்கதியை நான் எடுக்கவில்லை. வசந்தாமணி எடுத்தாள்.

அடுத்து நான். சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுக்கப் போனேன். "சித்த இருங்கய்யா, குதிகாலால நாலு அடி நடந்து காட்டுங்க" என்றார்.

நடந்தேன். இடது பாதம் தூக்கியபடி நின்றது. வலது பாதம் நிற்கவில்லை. தப் என்று விழுந்தது. இன்னொரு முறை. தப். அங்கே டைல்ஸ் இல்லை.

உட்காரவைத்து, கட்டை விரலை மேலே தூக்கச் சொன்னார். தூக்கினேன். "தூக்குங்கய்யா" என்றார் மறுபடியும். தூக்கிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். மூன்று பேரும் என் கட்டை விரலையே பார்த்தார்கள். அது யாருக்கோ வந்த விருந்தாளி மாதிரி சும்மா இருந்தது. பஞ்சால் தடவி, எங்கே தொடுகிறேன் சொல்லுங்கள் என்றார். ஆரம்பித்த பிறகு சொல்கிறேன் என்றேன். ஆரம்பித்து முடித்துவிட்டேன் என்றார்.

"என்ன வேலைங்க பாக்கறீங்க?"

"டிரைவிங் ஸ்கூலுங்க."

"இந்தக் காலாலதான் பிரேக் மிதிக்கறீங்களா?"

"அதுக்குத்தான் செருப்பு மாத்திட்டனுங்களே."

 அவர் சட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். "இடுப்புப் புடிப்பு, குனிஞ்சு நிமிந்தா வலி, அதுக்கெல்லாம் நான் இருக்கேன். காலுல பலம் கொறையுது, உணர்ச்சி போகுதுன்னா உள்ள நரம்பு நசுங்குதுன்னு அர்த்தம். அதுமேல நான் கை வெச்சா இருக்கறதும் போயிரும். இன்னிக்கே நரம்பு டாக்டரைப் பாத்து ஸ்கேன் எடுங்க. நானே போன் பண்ணிச் சொல்றேன்."

"இவ்வளவு தூரம் வந்துட்டோமுங்க. லேசா ஒரே ஒரு மடக்."

"முடியாதுங்கய்யா."

"சின்னதா."

"ஒண்ணுக்குப் போறதுல சிரமம் வந்தாலோ, உட்கார்ற எடம் மரத்துப்போனாலோ ஒரு நிமிஷம்கூட வீட்டுல இருக்காதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க" என்றார். என்னிடம் அல்ல, வசந்தாமணியிடம்.

டாக்டரைப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன். வசந்தாமணி பொள்ளாச்சி வரைக்கும் கெஞ்சினாள், அதற்குப் பிறகு பேசவில்லை. தொழில் தெரிந்தவர் என்றால் வந்த ஆளைத் திருப்பி அனுப்புவாரா? நான் என்றைக்காவது யாரிடமாவது உங்களுக்கு வண்டி வராது, போங்கள் என்று சொல்லியிருக்கிறேனா?

ஜூன் 26

வசந்தாமணி பேசவில்லை. சட்னியில் உப்பில்லை. சொல்லவில்லை.

காலையிலிருந்து தண்ணீர் அதிகம் குடிக்கவில்லை, அதனால்தான் ஒன்றுக்குச் சரியாகப் போகவில்லை.

ஜூன் 30. ஆஸ்பத்திரி.

எழுத முடிகிற முதல் நாள் இது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இருபத்தேழாம் தேதி விடிந்தபோது ஒன்றுக்குப் போக முடியவில்லை. நிற்கிறேன், நிற்கிறேன், வரவில்லை. வயிறு கல்லாக இருந்தது. உட்கார்ந்தேன். உட்கார்ந்தது தெரியவில்லை. உடம்பில் அந்த இடமே இல்லாத மாதிரி இருந்தது. கதவுக்கு வெளியே நின்ற வசந்தாமணி ஒரு கேள்வியும் கேட்காமல் திலகமணிக்குப் போன் செய்துவிட்டாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றதற்கு, தெருவே வேடிக்கை பார்க்கும் வேண்டாம் என்று அந்த நிலையிலும் சொன்னவன் நான். நாக்கு மட்டும் மரத்துப்போகவில்லை.

திலகமணி வந்து என் வண்டியை எடுத்தாள். L போர்டோடு. பக்கத்து இருக்கையில் லைசென்ஸ் உள்ள ஆசான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆசானைத் தூக்கி உட்காரவைத்து, இருக்கையைச் சாய்த்துவிட்டார்கள். இருபத்தைந்து வருடமாக நான் உட்காரும் இருக்கை. கீழே என் பிரேக்.

உடுமலையிலிருந்து கோவை வரை அந்தப் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனேன். லாரி வந்தால் மிதித்தேன். மாடு வந்தால் மிதித்தேன். வண்டி என் மிதிக்கு ஒரு தடவைகூடக் கட்டுப்படவில்லை. கிணத்துக்கடவு தாண்டும்போது தலையைத் தூக்கிக் கீழே பார்த்தேன். என் கால் பிரேக்கின் மேல் இல்லை. பக்கத்தில், தரையில், செருப்போடு சும்மா படுத்திருந்தது. தளி ரோட்டிலும் அப்படித்தான் படுத்திருந்திருக்கும்.

பயந்தேன். எழுதுவதில் என்ன வெட்கம், பயந்தேன். ஆபரேஷனுக்கு அல்ல. அன்றைக்கு மட்டைக் குவியல் இருந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை நின்றிருந்தால் என்று நினைத்துப் பயந்தேன்.

"சார், கண்ணை மூடிக்கோங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள் திலகமணி. கிளட்சை ஒரு தடவைகூடத் தேவையில்லாமல் மிதிக்கவில்லை.

மேனகா சொல்லி வைத்திருந்த டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு அன்றைக்கே அறுத்துவிட்டார். டிஸ்க் பிதுங்கி நரம்புக் கொத்தை மொத்தமாக நசுக்கிக்கொண்டிருந்ததாம். இன்னும் ஒரு நாள் வீட்டில் இருந்திருந்தால் சிறுநீருக்கு ஆயுசுக்கும் குழாய்தான் என்றார். "யாராவது முதுகை முறிச்சுக் கிறிச்சு விட்டாங்களா?" என்று கேட்டார். ஒருவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டார் என்றேன். வாசற்படியில் நடந்ததை நானே சொல்வதற்குள் வசந்தாமணி சொல்லிவிட்டாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 3

ஒன்றுக்குப் போனேன். தானாக. இதைவிடப் பெரிய செய்தி இந்த டைரியில் வராது.

ரத்த வகை: பி பாசிட்டிவ்.

ஜூலை 11

வீடு. மேனகா போனில் விசாரித்தார். இனியாவது ஒரே ஒரு மடக் கிடைக்குமா என்று கேட்டேன். "உங்க ஊருல எல்லாருக்கும் வேணாப் பண்றேனுங்க, உங்களுக்கு மட்டும் கிடையாது" என்று சிரித்தார். பிசியோதெரபியைத் தவறாமல் செய்யச் சொன்னார். பாதத்தில் ரப்பர் பட்டையை மாட்டி இழுக்கிறேன். கட்டை விரல் லேசாக அசைகிறது. அரசாங்க அலுவலகத்தில் ஃபைல் அசைகிற வேகம்.

ஆகஸ்ட் 8

திலகமணி லைசென்ஸ் வாங்கிவிட்டாள். இனிப்போடு வந்தாள். கழுத்து வலியும் விட்டுவிட்டதாம். மிஷினுக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்தாளாம், அவ்வளவுதான்.

செப்டம்பர் 1

ஸ்கூலைத் திறந்தேன். டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லியிருந்தார். நடக்கிறேன், மாடி ஏறுகிறேன், தப் தப் சத்தம் நின்றுவிட்டது, இன்னும் என்ன பொறுப்பது என்று வந்துவிட்டேன். வசந்தாமணி வாசலில் நின்று, "காலு நல்லாயிருக்குதுங்களா?" என்று கேட்டாள். ஜம்மென்று இருக்கிறது என்றேன்.

புதிதாகச் சேர்ந்தவர் அஷ்ரஃப். பேங்கில் வேலை. பயந்த சுபாவம், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். மைதானத்தில் வண்டியை எடுக்கச் சொன்னேன். எடுக்கும்போது குனிந்து குனிந்து பெடலையே பார்த்தார்.

"காலைப் பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்க. காலு எங்க இருக்குன்னு காலுக்கே தெரியோணும்" என்று அதட்டினேன். பழைய குரல் திரும்பி வந்திருந்தது. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

வண்டி நகர்ந்தது. நான் என் காலைப் பிரேக்கின் மேல் கொண்டு வைத்தேன். வைத்தேனா? தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். வைத்துத்தான் இருந்தது, விளிம்பில். நகர்த்தி நடுவில் வைத்தேன். நிமிர்ந்தேன். நடுவில்தான் இருக்கிறதா? மறுபடியும் குனிந்து பார்த்தேன். நான் குனிந்திருந்த நேரத்தில் வண்டி பாதி மைதானம் போயிருந்தது.

நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். இஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டேன்.

அஷ்ரஃபுக்கு முகம் வாடிவிட்டது. "ஏங்க சார், நான் ஏதாச்சும் தப்பாப் பண்ணிட்டனா? எனக்கு வண்டி வராதுங்களா?"

"நீங்க சரியாத்தானுங்க இருக்கீங்க. நான்தான் சரியில்லைங்க. என்ற காலுக்கு இன்னும் பிரேக் தெரியலை. வேற ஆசான்கிட்ட இன்னிக்கே சேந்துக்கோங்க, நானே போன் பண்ணிச் சொல்றேன்."

பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று வசந்தாமணி கேட்டாள். அஷ்ரஃபிடம் சொன்னதை அப்படியே அவளிடமும் சொன்னேன்.

அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்களேவா சொன்னீங்க? இன்னொருக்கா சொல்லுங்க."

இன்னொரு தடவை சொன்னேன். இந்தத் தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை.